ஸ்பேசர் வாங்கப் போகிறீர்களா? முதலில் நடு ஓட்டையை அளந்து பாருங்கள்

போன மாரி முடிந்து பானமைப் பக்கத்துப் பாதைகள் காய்ந்த கையோடு ஒரு ஹைலக்ஸ் எங்கள் கராஜுக்கு வந்தது. பொத்துவில் தம்பி ஒருவருடையது, ஒகந்தைக்கும் குமணவுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி. "அண்ணே, அறுபதுக்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது, வீல் பலன்ஸ் பண்ணித் தாங்க" என்றார். முன் இடது சில்லில் ஆறு நட்டுக்குப் பதிலாக நாலுதான் இருந்தது. இரண்டு நட்டும் பாதையில் எங்கோ கழன்று விழுந்துவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். சில்லைக் கழற்றினால், ஸ்பேசரில் (சில்லை வெளியே தள்ளி நிறுத்த ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பூட்டுகிற அலுமினிய வளையம்) இருந்த இரண்டு ஸ்டட், நட் ஏறுகிற புரித்தண்டு, அடியோடு முறிந்து கிடக்கிறது.

முறிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன். முக்கால்வாசி வழவழவென்று, வாவி மட்டியின் ஓட்டில் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள், ஓரத்தில் துருவும் ஏறியிருந்தது. மீதிக் கால்வாசி மட்டும் புதுசாக, சொரசொரவென்று சாம்பல் நிறம். அதாவது அந்த ஸ்டட் அன்று ஒரு குழியில் விழுந்து முறியவில்லை, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டே வந்து கடைசிக் கால்வாசியில் நின்று விட்டுப்போயிருக்கிறது. அத்தனை நாளும் பின் சீற்றில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும்.

ஏன் இப்படி ஆகிறது என்று விளங்க ஒரு விஷயம் தெரிய வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு இழுபடும், அந்த இழுவைதான் சில்லை ஹப்போடு, அதாவது சில்லு பூட்டப்படுகிற அச்சின் முகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது, அந்தப் பிடியில் உண்டாகும் உராய்வுதான் வண்டி ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சில்லை அசையாமல் வைத்திருக்கிறது. இழுபாடு ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு என்பதால், நட் உட்காரும் இடம் சற்று அமுங்கினாலே பிடி தளர்ந்துவிடும். பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் அப்படியும் இப்படியும் வளையும். கம்பியை வளைத்து வளைத்து முறிப்போமே, அதேதான்.

மலிவான ஸ்பேசர் தோற்கிற முதல் இடம் நடு ஓட்டை. நம்மூரில் ஓடுகிற பல ஜீப்களுக்கும் பிக்கப்களுக்கும் ஆறு ஸ்டட், அவை நிற்கிற வட்டத்தின் குறுக்களவு 139.7 மில்லிமீற்றர். அது ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பேசர் போடலாம் என்று விற்கிறார்கள். ஆனால் நாலு சில்லும் இழுக்கிற ஹைலக்ஸின் ஹப்புக்கு ஏறத்தாழ 106 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும், மிட்சுபிஷி மொன்டேரோவுக்கு ஏறத்தாழ 67 தான். எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாகக் குடைந்துவிட்டால் அது எந்த ஹப்பிலும் இறுக்கமாக உட்காராது. ஸ்பேசரின் வெளி முகத்திலும் ரிம்மை ஏந்துகிற ஒரு விளிம்பு இருக்க வேண்டும், மலிவுச் சாமானில் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை. கம்பனி அலோய் ரிம் போட்ட டொயோட்டாக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள். வாஷரோடு வரும் தட்டை நட் சில்லை நடுவில் நிறுத்தாது, அந்த வேலையை நடு ஓட்டைதான் செய்கிறது. தம்பியின் வண்டியில் வேர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஸ்பேசரின் ஓட்டை 110. இடைவெளியில் ஒரு தகடு தாராளமாக உள்ளே போகும்.

அடுத்தது ஸ்டட். நல்லதில் தலைப்பக்கம் 10.9 என்று உறுதித் தரம் பொறித்திருக்கும், ஒன்றுமே பொறிக்காததைத் தொடாதீர்கள். பொறித்திருப்பதையெல்லாம் நம்பவும் வேண்டாம், போலியும் வருகிறது. புரியின் கணக்கும் முக்கியம். டொயோட்டாவுக்கு 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் 1.5 புரி (ஒரு சுற்றுக்கு நட் 1.5 மில்லிமீற்றர் ஏறும்), சுசுகி ஜிம்னிக்கு 1.25. கையால் சுற்றும்போதே நட் இறுகினால் இம்பாக்ட் கன்னால் ஏற்றிவிடாதீர்கள், புரி மாறியிருக்கும். ஸ்டட்டின் பருமன் அளவுக்காவது நட் ஏற வேண்டும் என்பது நான் விடாமல் பிடிக்கிற விதி. 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் 1.5 புரி என்றால் முழுசாக எட்டுச் சுற்று, 1.25 என்றால் கிட்டத்தட்டப் பத்து. கையால் எண்ணிப் பாருங்கள். ஸ்டட் இல்லாமல் நடுவில் சொருகுகிற 5 மில்லிமீற்றர் தட்டுகளைப் போட்டுவிட்டு ஐந்து சுற்றில் ஓடுகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அலுமினியத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் பிரிக்க முடியாது. நல்ல கம்பனிகள் 6061-டி6 அல்லது 7075-டி6 என்று அலுமினியத்தின் வகையை எழுதுவார்கள், இரண்டாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு உறுதி. உருக்கி வார்த்த மலிவுச் சாமானைக் கடைந்த முகத்தில் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும், அதை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பிறகு கண்ணாடி மேல் இரண்டு முகத்தையும் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், வேர்னியரால் நாலு இடத்தில் தடிப்பை அளங்கள். 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் வண்டியில் ஏற்றுவதில்லை, விலை எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. லேத் கடையில் கடைந்து தருகிறார்களே என்று கேட்பார்கள். கடைபவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் அந்த அலுமினியம் முந்தி எதுவாக இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

விலை கூடியதை வாங்கினாலும் தீராத ஒன்று உண்டு. 30 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட்டால் சில்லு பேரிங்கிலிருந்து 30 மில்லிமீற்றர் வெளியே போகிறது, பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும், முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசலாம். நாலு சில்லிலும் சேர்த்து 24 நட் கூடுதலாக வருகிறது, அவ்வளவையும் பார்க்க வேண்டும். அகல டயர் போடுவதுதான் நோக்கம் என்றால் சரியான ஒஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்ற அளவு) உள்ள ரிம் வாங்குங்கள். பேரிங்குக்கு அதே சுமைதான், ஆனால் நடுவில் ஒரு மூட்டு குறைகிறது. நல்ல ஸ்பேசருக்குக் காசு இல்லையென்றால் போடாமல் ஓடுங்கள், வண்டி முந்தியும் படுவான்கரைச் சேற்றில் ஓடித்தான் வந்தது. இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்று போடுவதை மட்டும் எந்த விலைக்கும் செய்யாதீர்கள்.

பூட்டும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். நமக்கு உப்புக் காற்று, ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. துருவின் மேல் உட்கார்ந்த ஸ்பேசர் முதல் மழைக்கே தளரும், அப்புறம் கழற்றப் போனால் இரும்போடு ஒட்டிப்பிடித்திருக்கும். புரியில் கிரீஸ் பூச வேண்டாம். நட்டைக் குறுக்குக் குறுக்காக, வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் (குறித்த இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்கிற ரென்ச்) இறுக்குங்கள், இப்போதைய ஜிம்னிக்கு அது 100 நியூட்டன் மீற்றர்.

எல்லாரும் மறப்பது ஒன்று. ஸ்பேசரைப் பிடித்திருக்கிற நட்டுகள் சில்லுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. வெளி நட்டை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போனால் உள் நட்டை யாரும் பார்க்கவில்லை. 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் சில்லைக் கழற்றி உள்ளேயும் பார்க்க வேண்டும். நல்ல செட் வாங்கிப் பூட்டிய அந்தத் தம்பி மூன்றாம் நாள் காலையிலேயே வந்து நின்றார், மீற்றரில் 80 கிலோமீற்றர் கூடியிருந்தது. நாலு சில்லையும் இறக்கினோம். முன் வலது சில்லின் உள்ளே மூன்று நட், ரென்ச் டிக் என்று சொல்வதற்கு முன் கால் சுற்றுப் போனது.