ஒரே பக்கத்தில் இருவர் கைவைத்தால்

ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களின் கையேடுகளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பார்கள். அறிமுகமே இல்லாத இருவர் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திருத்தினால்? ஒருவர் எழுதியதை இன்னொருவருடையது அழித்துவிடாதா?

1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் தொடங்கிய முதல் விக்கியில், அதாவது வாசகரே திருத்தும் வலைத்தளத்தில், சேமித்ததுமே பக்கம் மாறிவிடும். இன்றைய ஆவணத் தளங்கள் பலவும் அப்படி இல்லை. வெப் நிரலாளர்கள் அன்றாடம் புரட்டும் எம்டிஎன் என்ற ஆவணத் தளம்கூட 2020 டிசம்பரில் விக்கியை விட்டு, நிரல்களைச் சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்புக்கு மாறியது. அங்கே மூலத்தை யாரும் நேரடியாகத் தொடுவதில்லை. முழுத் தொகுப்பையும் உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, அந்த நகலில் திருத்தி, கமிட் போட்டு (மாற்றத்தைப் பதிவு செய்து), மூலத்தில் சேர்க்கச் சொல்லி புல் ரெக்வஸ்ட் என்ற வேண்டுகோளை அனுப்புகிறீர்கள்.

சரி, நகல்கள் மீண்டும் எப்படி ஒன்றாகின்றன? ஒரு நகலில் ஒரு வரி இருக்கிறது, மற்றதில் இல்லை. முன்னவர் அதைச் சேர்த்தாரா, பின்னவர் நீக்கினாரா? இரண்டை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள், மூன்றாவதாக ஒன்றைத் தேடுகிறது: இரண்டும் பிரிவதற்கு முந்தைய பொது வடிவம். ஒவ்வொரு கமிட்டும் தன் முந்தைய கமிட்டின் அடையாள எண்ணைச் சுமந்திருப்பதால், இரு பக்கமிருந்தும் பின்னோக்கி நடந்தால் அது கிடைத்துவிடும். அந்த வடிவத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் மாறிய வரி என்றால், மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். இரு பக்கமும் வெவ்வேறு விதமாக மாறியிருந்தால் 'கான்ஃபிளிக்ட்' (மோதல்) என்று நிறுத்திவிடும். தானாக ஊகிக்காமல் நிற்கிறதே, அதுதான் இதன் நல்ல குணம்.

இங்கே கணக்கு வரிக் கணக்கு. ஒரு பத்தியை ஒரே நீள வரியாக எழுதினால், ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பத்தி முழுதும் மாறியதாகவே கிட் எண்ணும். அதே பத்தியில் இன்னொருவர் வேறு சொல்லைத் தொட்டாலும் மோதல்தான். சில திட்டங்கள் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று கேட்பது இதனால்தான். அடுத்தடுத்த வரிகளை, இத்தகைய பக்கங்களை எழுதப் பயன்படும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறை ஒரே பத்தியாகவே காட்டுவதால் வாசகருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் வரிகள் மோதாமலே பக்கம் தவறாகிவிடலாம். ஒரு கட்டளையின் பெயர் மாறியதென்று ஒருவர் பக்கம் முழுக்கத் திருத்துகிறார். அதே சமயம் இன்னொருவர் கீழே பழைய பெயரிலேயே புது எடுத்துக்காட்டு சேர்க்கிறார். மெர்ஜ் (இணைப்பு) சுத்தமாக முடியும், எடுத்துக்காட்டு ஓடாது. மாறிய வரிகளை மட்டும் பார்த்து ஒப்புதல் தரும் பராமரிப்பாளரின் கண்ணில் இது படாது. பக்கத்தை முதலிலிருந்து படிப்பவர்தான் பிடிப்பார்.