முகத்தை அச்சுக்கு அனுப்பும் முன்

பாலாற்றைப் பற்றியும் தோல் தொழிலைப் பற்றியும் புகைப்படக் கண்காட்சி, கையேடு, சிறு நூல் என்று கொண்டுவருகிறவர்களுக்கு வடிவமைப்பு செய்து தருவது என் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டில் படமெடுக்க வேண்டிய விஷயங்களுக்குக் குறைவே இல்லை. தோல் ஆலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-ல். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது அந்தத் தீர்ப்பில்தான். அப்படிப்பட்ட ஊர்களின் படங்களை அச்சுக்குக் கொண்டுபோகிறோம். படமெடுத்தவர் எவ்வளவு நேர்மையாக எடுத்திருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நாமும் மெஷின் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டரும் சேர்ந்து அதைப் பொய்யாக்கிவிட முடியும்.

நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் முறையில் பதனிட்ட தோலைத் தொழிலில் 'வெட் ப்ளூ' என்பார்கள். ஈரமாக, வெளிறிய நீலத்தில் இருக்கும். அந்த நீலம் குரோமியம் உப்பு கொடுத்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ரசாயன ஆலையின் குரோமியக் கழிவைச் சுற்றி நிலத்தடி நீர் மஞ்சளாகிப்போனதற்கும் குரோமியம்தான் காரணம், ஆனால் அது வேறு வகை, அதிக நஞ்சுள்ளது. ஆக, இங்கே நிறமே சாட்சி. 'எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் போட்டால் கனமாக இருக்கும்' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பீடி சுற்றும் வீடுகளைப் பற்றிய தொகுப்பு என்றால் ஒப்புக்கொள்வேன். மஞ்சள் தண்ணீரைக் கறுப்பு வெள்ளையில் போடச் சொன்னால் மாட்டேன். பார்க்கிறவருக்கு அது வெறும் குட்டைத் தண்ணீராகத்தான் தெரியும்.

கலரில் அச்சடித்தாலும் வேலை முடிந்துவிடாது. திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சளும் பச்சையும் அச்சின் நான்கு மைக்கு (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மாற்றும்போது மங்கிவிடும். ஆஃப்செட் மெஷினில் மை திறப்புகள் ஷீட்டை நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு முகம் களையாக வரட்டும் என்று ஆபரேட்டர் அந்தப் பட்டையில் மஞ்சளைக் கூட்டினால், அதே வரிசையில் மேலும் கீழும் இருக்கிற படங்களுக்கும் மஞ்சள் ஏறும். வெட் ப்ளூ பச்சையடித்துப்போகும். அதனால் பக்கங்களை ஷீட்டில் அடுக்கும்போதே எந்தப் படத்துக்குக் கீழே எந்தப் படம் வருகிறது என்று பார்த்துவிடுகிறேன். கையெழுத்திட்ட கலர் ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய மாதிரி) ஒன்றை மெஷின் அருகில் வைத்து, 'அழகாக வேண்டாம், இது போல வந்தால் போதும்' என்று சொல்லிவிடுவேன். முதல் ஷீட் ஓடும்போது நேரில் நிற்பதும் வடிவமைப்பாளரின் வேலைதான்.

மனிதர்களின் தோல் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பம் செய்து பழகிய டிடிபி கைகள், கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிவிடுகின்றன. வெயிலில் ஆட்டுத் தோலைக் காயப்போடும் ஒருவரின் உடம்பு அவர் செய்யும் வேலையைச் சொல்கிறது. அதை வெளுத்தால் வேலையையும் அழிக்கிறோம். இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் 'டைம்' இதழ், கொலை வழக்கில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை அட்டையில் கருமையாக்கி வெளியிட்டது. அதே வாரம் 'நியூஸ்வீக்' அந்தப் படத்தை மாற்றாமல் போட்டிருந்ததால் வித்தியாசம் ஊருக்கே தெரிந்து, பெரும் கண்டனம் எழுந்தது. நாம் செய்ய வேண்டியது தொழில்நுட்ப அளவில்தான். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை ஊறிப் பரவும், கரிய முகத்தில் நிழல் விழும் பகுதிகள் அடைத்துக்கொண்டு கண்ணும் கன்னமும் ஒன்றாகிவிடும். அந்த நிழலை மட்டும் சற்றுத் திறந்துவிட்டு, அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு சோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றாமல் விடுவதும் சில நேரம் முகத்தை மறைத்துவிடும்.

அடுத்து லோகோ. 'அழுகிற பெண்ணின் முகத்தைக் கோட்டோவியமாக்கி லோகோ செய்து கொடுங்கள்' என்ற கோரிக்கை அடிக்கடி வரும். வெடித்த நிலம் போன்ற எழுத்தும், ரத்தச் சொட்டும் கேட்பார்கள். லோகோ என்பது லெட்டர்பேடு, ரசீது, பேனர், சாப்பாட்டு டோக்கன் வரைக்கும் போகக்கூடியது. ஒரு மனுஷியின் முகத்தை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. திட்டத்தின் பெயரை நல்ல எழுத்தில், ஒரே நிறத்தில் எழுதினால் போதும், பேச வேண்டியதைப் படங்கள் பேசிக்கொள்ளும். எழுத்திலும் இந்த மண்ணுக்கென்று ஒரு தேவை இருக்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உருது படிக்கிறவர்கள் ஏராளம். படத்தில் இருப்பவர்களே அவர்களாக இருக்கும்போது விளக்கக் குறிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் அது யாருக்காக? உருதுவின் நஸ்தலிக் எழுத்து சரிந்து இறங்கும், வரிகளுக்கிடையே தமிழைவிடவும் கூடுதல் இடம் கேட்கும். கடைசியில் கிடைத்த மூலையில் அதைத் திணிக்காமல், முதல் டம்மியிலேயே (மாதிரிப் பிரதியிலேயே) இடம் ஒதுக்கிவிடுங்கள்.

படத்தைக் கண்ணாடிப் பிம்பம் போல இடவலமாகத் திருப்பாதீர்கள். பக்கத்துக்குள் பார்ப்பது போல வரட்டும் என்று திருப்பினால் இடது கை ஊனமானவர் வலது கை ஊனமானவராகிவிடுவார். இரண்டு பக்கம் விரியும் படத்தில் முகம் நடு மடிப்பில் விழக் கூடாது. முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் அதை விழுங்கிவிடும், சென்டர் பின் அடித்த கையேட்டில் கொஞ்சம் தப்பிக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, எந்தப் படம் எந்த அச்சுப் பொருளில் போகலாம் என்பது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட டோமோகோ என்ற பெண்ணைத் தாய் குளிப்பாட்டும் படத்தை 1971-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் எடுத்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்த படம். உலகத்தையே உலுக்கியது. டோமோகோ 1977-ல் இறந்தார். படம் மட்டும் ஓயாமல் அச்சாகிக்கொண்டே இருந்தது. மகளுக்கு ஓய்வு கொடுக்கப் பெற்றோர் விரும்பினார்கள். மினமாட்டாவில் யூஜினோடு சேர்ந்து வேலை செய்த, படத்தின் உரிமையை வைத்திருந்த அய்லீன் ஸ்மித், 1990-களின் இறுதியில் அதைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார். பாலாற்றுப் பக்கத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். கண்காட்சிக்குக் கொடுத்த சம்மதம் காலண்டருக்கும் நன்கொடை அட்டைக்கும் செல்லாது. பிட் நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டில் மிதிபடும் என்பது தெரிந்த விஷயம், அதில் முகம் போடாதீர்கள். ஊர், தேதி, இடம் போதும். அச்சகத்தில் கழியும் வேஸ்ட் ஷீட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய் போண்டா மடிக்க வந்துவிடும். அவற்றைக் குறுக்கே வெட்டித்தான் வெளியே விட வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். நல்ல அச்சகங்கள் மறுப்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்ற வரையறைக்குள் வரும். அதன் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். யூனிஃபார்மும் வீட்டுக் கதவும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கையை, பீடி இலையை, நிழலைக் காட்டும் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பெரியவர்களின் பெயரைக் குறிப்பில் போடலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெயர் மரியாதை தரும், அதே பெயர் மறுநாள் வேலையைப் பறிக்கவும் செய்யலாம். ப்ரூஃபை அவரிடமே காட்டிக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டுங்கள். படத்தோடு குறிப்பையும் பார்த்த பிறகு சிலர் மனம் மாறுவார்கள், அப்போது பக்கத்தை மாற்ற வேண்டியதுதான். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் அச்சுத் தேதியை விழா தேதிக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள்.

கொட்டேஷன் போடும்போது படத்தில் இருப்பவர்களுக்கான பிரதிகளைத் தனி வரியாகச் சேர்க்கிறேன். விருந்தினர் பிரதிகளில் மிஞ்சியது அல்ல, முதலில் கட்டிங் முடிந்து வருகிற கட்டு. அந்த வரியை அடித்துவிட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்பவர்களிடம், வேண்டுமானால் லேமினேஷனை விட்டுவிடலாம் என்று சொல்கிறேன்.