பசுமைவெளி: சொல் விளக்கம்

‘கிரீன் ஸ்பேஸ்’ என்பதற்கு நல்ல தமிழ் பசுமைவெளி. மரமும் புல்லும் செடியும் உள்ள, மக்கள் புழங்கத்தக்க நிலம் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘கிரீன்’, ‘குரோ’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. நிறத்தோடு வளர்ச்சியும் அதில் அடங்கும். தமிழில் பசுமைக்கு இளமை, ஈரம் என்ற பொருளும் உண்டு. பச்சைப்பிள்ளை, பச்சைமண் என்கிறோமே! சிலர் ‘பசுமைப் பரப்பு’ என்று எழுதுகிறார்கள். வானிலிருந்து அளக்கும் இலைப்போர்வைக்கு அது சரி. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தைச் சொல்ல ‘வெளி’ கட்டாயம் வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பார்த்தால் இது விளங்கும். பொட்டல் வெளிதான், பசுமை இல்லை. சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் பசுமைதான், ஆனால் அந்த முள்ளுக்குள் எந்தப் பிள்ளை கால் வைக்கும்? ஊருணிக்கரை ஆலமரத்தடி, கோயில் நந்தவனம், புளியந்தோப்பு ஆகியவற்றில்தான் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

2015இல் வெளியான பார்சிலோனா ஆய்வு, 7 முதல் 10 வயது வரையிலான 2,593 பள்ளிப் பிள்ளைகளை ஓராண்டு தொடர்ந்து சோதித்தது. பள்ளியிலும் அதைச் சுற்றியும் பசுமை கூடிய இடங்களில் செயல்படு நினைவு, அதாவது எண்களை மனத்தில் வைத்துக்கொண்டே கணக்குப் போடும் திறன், கூடுதலாக வளர்ந்திருந்தது, கவனக்குறைவும் குறைந்திருந்தது. இந்தத் தொடர்பில் ஒரு பங்கு, அங்கே வாகனப் புகை குறைவாக இருந்ததால் வந்தது. வீட்டைச் சுற்றியுள்ள பசுமைக்கும் கவனத்திறனுக்கும் உள்ள தொடர்பை 2017இல் வெளியான மற்றொரு ஸ்பெயின் ஆய்வு காட்டியது.

இவ்வாய்வுகள் பசுமையைச் செயற்கைக்கோள் படத்தில் தாவரக் குறியெண்ணால் அளக்கின்றன. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் −1 முதல் +1 வரை ஓர் எண் கிடைக்கும். செட்டிநாட்டுக்கு இதை அப்படியே எடுத்தால் பிழைபடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தில் தரிசும் பச்சையாகத் தெரியும். மே மாதப் படத்தில் எஞ்சும் பச்சையில் பெரும்பங்கு சீமைக்கருவேலமாக இருக்கலாம். இரு பருவப் படங்களையும் ஒப்பிட்டு, நேரில் போய்ப் பார்த்து, முட்புதர் மண்டிய இடத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர், அதாவது சுமார் 1¼ ஏக்கர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் தரும் அளவுகோல். அது நேர்கோட்டுத் தூரம். நம் நகரத்தார் வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. வீட்டு வரிசையைச் சுற்றித்தான் அடுத்த தெருவுக்குப் போக முடியும் என்பதால், இங்கே பிள்ளை நடந்து போகும் வழியையே அளக்க வேண்டும்.