ஏவுகணை மேலே போகும், நெருப்பு எங்கே போகும்?

திட எரிபொருள் ராக்கெட் மோட்டார் பற்றிக்கொண்டால் அதற்குள் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தொடும். எஃகு உருகுவதற்கு அதில் பாதி போதும். எரிபொருளில் கலந்திருக்கும் அலுமினியத் தூள் எரிந்து, உருகிய அலுமினியம் ஆக்சைடு துளிகளாக வாயுவோடு சேர்ந்து ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. எதிரே இருக்கும் சுவரை மணல் வீசி அடித்தது போல அரித்துவிடும். திறந்தவெளியில் ஏவினால் பெரிய கவலை இல்லை. கப்பலின் வயிற்றுக்குள் செங்குத்தாக நிற்கும் ஏவுகணையைப் பற்றவைத்தால் இந்த நெருப்பு எங்கே போகும்?

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 41 ஏவுதளம் இதற்குக் கண்ட வழி, பொதுப் புகைப்போக்கி. 1986இல் யு.எஸ்.எஸ். பங்கர் ஹில் கப்பலோடு சேவைக்கு வந்த அமைப்பு இது. ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டு அறைகள். அடியில் எட்டுக்கும் பொதுவாக ஒரு வாயு அறை. வாயு கீழே பாய்ந்து, அங்கே திரும்பி, இரு வரிசைகளுக்கும் நடுவிலுள்ள புகைப்போக்கி வழியே மேலே வெளியேறும். உட்சுவர்களில் ஒரு பூச்சு உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி உதிர்ந்து, வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோகும்.

வாயு அறை பொது என்பதால் சிக்கலும் பொது. பக்கத்து அறைகளில் காத்திருக்கும் ஏவுகணைகளை அந்த அழுத்தமும் சூடும் தொடக்கூடாது. அதனால் ஏவுகணை அடைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு மூடி. சொந்த மோட்டார் பற்றினால் உடைந்து வழிவிடும், அண்டை மோட்டார் பற்றினால் தாங்கி நிற்கும். எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்தது இந்த எளிய மூடிதான்.

சரி, மோட்டார் பற்றியும் ஏவுகணை கிளம்பாமல் சிக்கிக்கொண்டால்? வழக்கமாக ஒரு கணத்தில் முடியவேண்டிய சூடு, எரிபொருள் தீரும்வரை ஒரே இடத்தில் அடிக்கும். அப்போது ஏவுகணையின் முனையிலுள்ள வெடிபொருள் வெடித்துவிடாமல் குளிர்விக்கப் பெட்டிக்குள் தண்ணீர் கொட்டும் ஏற்பாடும் இருக்கிறது.

பொது அறையே வேண்டாம் என்ற யோசனையும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், அடிப்பகுதி அரைக்கோளம். வாயு அதில் மோதித் திரும்பி, இரு உருளைகளுக்கும் இடையிலுள்ள சந்து வழியே மேலே வந்துவிடும். நிலத்தடிக் குழியிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்காவின் டைட்டன் 2 ஏவுகணைக்கும் இதே கதைதான், அளவுதான் பெரிது. குழியின் அடியில் தீயைத் திசைதிருப்பும் அமைப்பும், இருபுறமும் பெரிய வெளியேற்றக் குழாய்களும் வைத்தார்கள்.

நீர்மூழ்கிக் கப்பலில் இந்த வேலையெல்லாம் நடக்காது. டிரைடென்ட் ஏவுகணையை முதலில் நீராவிதான் வெளியே தள்ளுகிறது. சூடான வாயுவை உண்டாக்கும் சிறிய கருவி ஒன்று தண்ணீரைச் சட்டென்று ஆவியாக்கும். அந்த அழுத்தத்தில் ஏவுகணை கடலுக்கு மேலே வந்த பிறகே மோட்டார் பற்றும். குழாய்க்குள் தீயே இல்லை. தரையிலும் கப்பலிலும் இப்படித் தள்ளி ஏவும் அமைப்புகள் உண்டு. ரஷ்யாவின் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பான எஸ்-300 அதில் ஒன்று. ஆனால் அங்கே வேறொரு பயம் சேர்ந்துகொள்கிறது: அந்தரத்தில் மோட்டார் பற்றாமல் போனால், எரிபொருள் நிறைந்த அந்த ஏவுகணை ஏவியவர்கள் தலைமேலேயே விழக்கூடும்.