சர்க்கரைக்குத் துணையாகும் புரதம்

நிமோகாக்கஸ், சிறுகுழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா பி போன்ற பாக்டீரியாக்கள், பாலிசாக்கரைடு எனப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளாலான உறையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. அந்த உறையில் ஒட்டும் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருந்தால் கிருமி பிடிபட்டுவிடும் என்பதால், உறையை மட்டும் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாகப் போட்டாலே போதுமே என்று தோன்றும். சுண்டெலிகளில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் ஐஜிஎம் எனும் தொடக்கநிலை வகை ஆன்டிபாடி கொஞ்சம் உருவாகும். இரண்டாம் ஊசிக்கும் அந்த அளவு ஏறுவதில்லை.

ஆன்டிபாடியைச் சுரக்கும் வெள்ளணுவான பி செல்லுக்கு, வலுவான ஐஜிஜி வகை ஆன்டிபாடிக்கு மாறவும் கிருமியின் நினைவைச் சேமிக்கவும் டி செல் எனும் மற்றொரு வெள்ளணுவின் உதவி தேவை. டி செல் வழக்கமாகக் கவனிப்பது புரதத் துணுக்குகளையே. வெறும் சர்க்கரையைக் காட்டி அதன் உதவியைப் பெறுவது கடினம்.

1931இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரியும் கோபெலும் நிமோகாக்கஸ் சர்க்கரையைக் குதிரைப் புரதத்துடன் வேதிப்பிணைப்பால் இணைத்து முயல்களுக்குச் செலுத்தி, அச்சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியைப் பெற்றனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்த அந்த யோசனையைத்தான், 1980இல் ரேச்சல் ஷ்னீர்சன், ஜான் ராபின்ஸ் ஆகியோரின் குழு ஹீமோபிலஸ் சர்க்கரையில் பயன்படுத்தி, விலங்குகளில் மீள்ஊசிக்கு ஆன்டிபாடி உயர்வதைக் காட்டியது. சர்க்கரையைப் பிடித்த பி செல் அதனுடன் ஒட்டிய புரதத்தையும் சேர்த்து விழுங்கி, செரித்த துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. டி செல் அதைக் கண்டு உதவிக்கு வருகிறது. இப்படிச் சர்க்கரையையும் புரதத்தையும் பிணைத்ததே இணைப்புத் தடுப்பூசி.

இதை உறுதிப்படுத்த உதவியவை ஏதோ ஒரு குறையுடன் பிறந்த எலிகள். டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸ் இல்லாத, ஆகவே டி செல்கள் மிகக் குறைந்த ரோமமற்ற சுண்டெலிகள் வெறும் பாலிசாக்கரைடுக்கு ஆன்டிபாடி தருகின்றன. புரதம் தரும் கூடுதல் பலனோ அவற்றுக்குக் கிட்டுவதில்லை. பி செல்லில் மரபுக் குறையுள்ள சிபிஏ/என் எலிகளில் நிலைமை தலைகீழ்: வெறும் சர்க்கரையை அவை கண்டுகொள்வதே இல்லை, இணைப்புத் தடுப்பூசிக்கு மட்டும் ஓரளவு பதிலளிக்கின்றன. கைக்குழந்தைகளின் நிலையும் இந்த இரண்டாம் எலிகளுடையதைப் போன்றதுதான்.

ஆன்டிபாடியை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆன்டிபாடி ஒட்டக்கூடிய பொருளைப் பூசிய சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் எலியின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிநீரை விட்டு, ஒட்டிய ஆன்டிபாடியின் அளவுக்கேற்ப வேதிவினையால் எழும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை அளக்கிறார்கள். குழியில் தடுப்பூசியையே பூசிவைத்தால் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டு பொய்யாக நிறத்தைக் கூட்டும். வெறும் சர்க்கரையோ பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது. அதனால் சர்க்கரையை வேறொரு புரதத்தோடு கோத்துப் பூசுவது வழக்கம்.

டி செல் புரதத்தை மட்டுமே காண்கிறது என்ற பாடநூல் விளக்கத்துக்கும் எலிகளே திருத்தம் தந்தன. குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனும் பாக்டீரியாவுக்கான இணைப்புத் தடுப்பூசியை ஆராய்ந்த ஹார்வர்டின் டென்னிஸ் காஸ்பர் குழு, பி செல் செரித்த பிறகும் குறுகிய சர்க்கரைத் துண்டு புரதத் துணுக்கோடு ஒட்டியே இருப்பதையும், அந்தச் சர்க்கரையை அடையாளம் காணும் டி செல்கள் உண்டு என்பதையும் 2011இல் காட்டியது.