ஃபைட்டர் தொட்டியைக் கழுவாதீர்கள்

"ஞாயிற்றுக்கிழமை தொட்டியை முழுசாகக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம், செவ்வாய்க்கிழமை மீன் கவிழ்ந்து கிடக்குது." கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து வந்தாலும் சரி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாலும் சரி, நோயோடு என்னிடம் கொண்டுவரப்படும் ஃபைட்டர் மீன்களில் பெரும்பாலானவற்றின் வரலாறு இந்த ஒரு வரிதான். இந்தக் கிழமையும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் அதே கதை வந்தது. வாலோரம் கறுத்திருந்தது. செட்டைகள் உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தன. செவுள் மூடி முழுதாக மூடாமல் உள்ளே கடுஞ்சிவப்பு தெரிந்தது. கூடவே, "சுத்தமாகத்தானே வைத்திருக்கிறோம்" என்ற பேச்சும் வந்தது. அப்படிச் சுத்தம் செய்ததுதான் காரணம் என்று சொன்னால் யாரும் இலகுவில் நம்புவதில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மீனை எடுத்துக் கோப்பையில் விட்டுவிட்டு, தண்ணீரை முழுக்க ஊற்றி, கற்களைப் பைப்பின் கீழே தேய்த்து, ஃபில்டர் ஸ்பொஞ்சைச் சவர்க்காரம் போட்டுப் பிழிந்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்குவது: இதைத்தான் பலர் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் இடைவிடாமல் அமோனியா வருகிறது. ஒருவகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை வாழ்வது தண்ணீரில் அல்ல. ஸ்பொஞ்சின் துளைகளிலும், கற்களிலும், கண்ணாடியின் வழுக்கலிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை குடியேறி முடிக்க நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். நீங்கள் அரை மணித்தியாலத்தில் அத்தனையையும் கழுவி ஊற்றிவிடுகிறீர்கள். அன்றைக்கு மீன் உற்சாகமாக நீந்தும். அடுத்த இரண்டு நாளில் அமோனியா ஏறும். அதற்கு நிறமில்லை, தொட்டியில் இருக்கும் அளவில் மணமும் இல்லை. பளிங்குத் தண்ணீரிலேயே செவுள் எரிந்துபோகும்.

நல்ல நிலையில் இருக்கும் ஸ்பொஞ்சைப் பிழிந்தால் பழுப்பாகக் கலங்கல் வரும். பார்த்தால் அருவருப்புத்தான். ஆனால் மணந்து பாருங்கள், மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கும். அழுகல் வாடை வந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை: "ஃபைட்டர்தானே, கோப்பையிலும் வாழும், கடையில் சின்னப் போத்தலில்தானே வைத்திருக்கிறார்கள்." கடையில் அது விற்பனைக்காகச் சில நாட்கள் தங்குகிறது. அங்கே தண்ணீர் அடிக்கடி மாற்றப்படும், தீனியும் குறைவு. அது கிடங்கு, வீடு அல்ல. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பு உண்டு, உண்மைதான். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் ஒட்சிசன் குறைந்த நீரில் அது உயிர் பிழைப்பது அதனால்தான். அந்த உறுப்பு ஒட்சிசன் குறைவுக்குத் தீர்வு தரும், அமோனியாவுக்குத் தராது. தண்ணீரில் இருக்கும் நஞ்சு செவுளைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும், மீன் மேலே வந்து எத்தனை தரம் காற்றை விழுங்கினாலும். வயல் ஆழமில்லாதது என்பதும் சரி. ஆனால் அதன் பரப்பையும், அதில் இருக்கும் செடிகளையும் சேற்றையும் உங்கள் மேசைக் கோப்பையோடு ஒப்பிட முடியுமா? ஒரு லீற்றர் கோப்பையில் ஒரு துண்டுத் தீனி அழுகினால் போதும், அன்று மாலையே மீன் அடியில் படுத்துவிடும்.

நுரைக்கூடு கட்டியிருப்பதால் மீன் சந்தோஷமாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் கெட்ட தண்ணீரிலும் கூடு கட்டும். அதை வைத்துத் தண்ணீரின் தரத்தைக் கணிக்காதீர்கள்.

ஒரு மீனுக்கு 20 லீற்றர் வையுங்கள். நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கணக்கு வரும். 40 × 25 × 20 என்றால் சரியாக 20. மூலையில் ஒரு சிறிய ஸ்பொஞ்ச் ஃபில்டர், காற்றைக் குறைத்துவைக்க ஒரு வால்வு. நீண்ட செட்டை உள்ள மீனுக்கு ஓட்டம் கூடினால் களைத்துவிடும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ட்யூபில் திரும்பாத வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் பம்புக்குள் இறங்கும். ஹீற்றர் கொழும்பில் பெரும்பாலும் வேண்டாம், இரவு முழுக்க ஏசி ஓடும் அறையைத் தவிர. 24 முதல் 28 பாகை வரை நல்லது.

தண்ணீர் மாற்றும் நாளுக்கு முந்தின நாளே வேலை தொடங்கவேண்டும். குழாய்நீரில் குளோரின் இருக்கும், எல்லா நாளும் ஒரே அளவாக இருக்காது. வாய் அகன்ற வாளியில் பிடித்து 24 மணித்தியாலம் வைத்தால் பெரும்பகுதி பறந்துவிடும். வாளியை வலைத்துணியால் மூடுங்கள். திறந்த வாளியைப் பின்பக்கத்தில் வைத்து மறந்தால் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரும். அவசரமென்றால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்று இருக்கிறது, ஹைப்போ என்று கேட்டாலும் தருவார்கள். 10 கிராம் பளிங்குகளை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து வைத்து, 10 லீற்றர் குழாய்நீருக்கு ஒரு மில்லிலீற்றர் கலந்தால் வழமையான குளோரினுக்குப் போதும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கரைந்த வாயுக்கள் குறைவு. சுத்திகரித்த போத்தல் தண்ணீரில் தாதுக்கள் மிகக் குறைவு. இரண்டும் வேண்டாம். கிணற்று நீர் என்றால் முதலில் பிஎச் என்ற அமில-கார அளவையும் இரும்பையும் பாருங்கள். வைத்து ஒரு நாளில் செந்நிறப் படிவு இறங்கினால் தொட்டிக்குள் விடாதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்து அப்படியே ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தாங்கியில் வெயிலுக்குக் காய்ந்த நீர் அது, கையே பொறுக்காது. புதுத் தண்ணீருக்கும் தொட்டிக்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வாளியைத் தொட்டி இருக்கும் அறையிலேயே இரவு வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

இனி மாற்றும் விதம். கையைச் சவர்க்காரமில்லாமல் கழுவுங்கள், சனிற்றைசர் பூசிய கையை விடவே வேண்டாம். ஏர் பம்பை நிறுத்துங்கள். மீனை வெளியே எடுக்காதீர்கள். விரல் தடிப்புள்ள தெளிவான ட்யூபைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் பெருவிரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைக் கீழே வாளியிலும் விட்டால் தானாக ஓடும். வாயால் உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ட்யூபின் முனையைக் கற்களின் மேல் நகர்த்தி எச்சத்தையும் தீனித் துணுக்கையும் இழுங்கள், மீனின் வால் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 20 லீற்றர் தொட்டியில் 5 லீற்றர் வந்ததும் நிறுத்துங்கள். ஸ்பொஞ்ச் அடைத்திருந்தால் இந்த வாளியில் எடுத்த பழைய நீரிலேயே இரண்டு தரம் மெதுவாகப் பிழியுங்கள், அதுவும் மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரு சிறு தட்டை நீர்மட்டத்தில் பிடித்து, அதன்மேல் புதுநீரை மெதுவாக ஊற்றுங்கள். விளிம்பிலிருந்து நாலு விரல் இடம் விட்டு மூடியைப் போடுங்கள், ஃபைட்டர் பாயும். பழைய தண்ணீர் பூச்சாடிக்கு நல்லது.

இதைக் கிழமைக்கு ஒருமுறை செய்யுங்கள். ஃபில்டர் இல்லாத 10 லீற்றர் தொட்டிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கு. டெஸ்ட் கிட் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்கவேண்டும், நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. அமோனியா 2 என்று காட்டினால் கால்பங்கு மாற்றியபின் 1.5 மிஞ்சும், பாதி மாற்றினால் 1 மிஞ்சும். ஒரே நாளில் தீராது, மறுநாளும் மாற்றவேண்டும்.

வற்றிய அளவுக்கு மேலே ஊற்றுவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. மின்விசிறியின் கீழ் ஒரு கிழமையில் வெறும் நீர்தான் ஆவியாகிறது. உப்பும் நைத்திரேற்றும் உள்ளேயே தங்கிச் செறிந்துகொண்டு போகும்.

மாதக்கணக்காக மாற்றாத தொட்டி இருந்தால், தயவுசெய்து, இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பாதியை ஊற்றிவிடாதீர்கள். களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் நமக்கு வருவது மென்னீர். அமிலத்தைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. பழைய தொட்டியில் அமிலம் சேர்ந்து பிஎச் 6க்குக் கீழே இறங்கியிருக்கும், பக்டீரியாவின் வேலையும் ஏறக்குறைய நின்றிருக்கும். அந்த அமில நீரில் அமோனியா நஞ்சு குறைந்த அமோனியமாகப் பதுங்கி இருக்கிறது. நிறையப் புதுநீர் விட்டதும் பிஎச் எகிறும், பதுங்கியிருந்தது நஞ்சாக மாறும். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினாலே நச்சு வடிவம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகிறது. இத்தகைய தொட்டியில் நாளுக்குப் பத்திலொரு பங்கு வீதம் ஒரு கிழமை முழுக்க மாற்றி, பிறகு வழமைக்கு வாருங்கள்.

தமிழ் வீடுகளில் இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இரவில் நுளம்புச்சுருள், இடையிடையே பூச்சி ஸ்பிரே. ஃபைட்டர் மேற்பரப்புக் காற்றை நேரடியாக விழுங்கும் மீன் என்பதை இங்கேதான் நினைக்கவேண்டும். சுருளிலும் ஸ்பிரேயிலும் இருக்கும் பைரெத்ராயிட் வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாமியறையில் தொட்டி வேண்டாம். வீதியில் டெங்குப் புகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் யன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். புகை அடங்கியதும் துணியை எடுத்துவிடுங்கள். ஓரிரு மணித்தியாலம் பம்ப் இல்லாமல் ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகாது.

வால் கிழிந்ததும் பார்மசியில் கப்சூல் வாங்கித் தொட்டிக்குள் உடைத்துப் போடுவதை நிறுத்துங்கள். மெதிலீன் நீலத்தையும் ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றாதீர்கள், பக்டீரியாவும் பாதிக்கப்படும். முதல் மருந்து நாளாந்தம் கால்பங்கு தண்ணீர் மாற்றுவதுதான். நான்கு நாளில் புது விளிம்பு வெளிறிய கண்ணாடிபோல் வளரத் தொடங்கவில்லை என்றால், அல்லது டோர்ச் அடித்துப் பார்க்கையில் உடலில் பொன்தூள் தூவியதுபோல் தெரிந்தால், அப்போது காட்டுங்கள். வரும்போது தொட்டித் தண்ணீரையும் தனிப் போத்தலில் கொண்டுவாருங்கள். மீனைவிட அது அதிகம் சொல்லும். கொட்டம்பா (நாட்டு வாதுமை) இலை போடுவதில் தவறில்லை, 20 லீற்றருக்கு ஒரு காய்ந்த பழுப்பு இலை. வீதிப் புகை படிந்ததைப் பொறுக்காதீர்கள்.

தீனி: காலையில் இரண்டு மூன்று உருண்டை, மாலையில் அதே அளவு. இரண்டு நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். சோறு, பாண் தூள், மாரி பிஸ்கட் எதுவும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் தீனிப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது அடியில் அரை அங்குலத்துக்குத் தீனி அழுகிக் கிடக்கும். நன்றாக இருக்கும் வளர்ந்த ஃபைட்டர் ஐந்தாறு நாள் தீனி இல்லாமல் இருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் கால்பங்கு மாற்றி, மூடியைச் சரிபார்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். அதற்கு மேல் தங்குவதென்றால் ஒரு வேளைக்கு மூன்று உருண்டை வீதம் தாளில் மடித்து, திகதி எழுதிக் கொடுங்கள், மூன்று நாளுக்கு ஒரு பொட்டலம். போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.