ஃபேசியா: சவ்வா, படலமா, உறையா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இடுப்புவலிக்கு பிசியோதெரபி எடுப்பவர்கள் காதில் விழும் சொல் ‘மயோஃபேசியல் ரிலீஸ்’. கையால் மெல்ல அழுத்தி இறுக்கத்தைத் தணிக்கும் முறை அது. ‘ஃபேசியா’ இலத்தீன் சொல். பட்டை, கட்டுத்துணி என்று பொருள். கட்டு என்று பொருள்படும் ‘ஃபாஸ்கிஸ்’ அதற்கு உறவு. பாசிசம் என்ற பெயரும் அந்தக் குடும்பம்தான். முன்னால் நிற்கும் ‘மயோ’ கிரேக்கம், தசையைக் குறிப்பது.

ஆட்டுக்கறி அரியும்போது இரண்டு சதைக்கு நடுவில் வெள்ளையாக, ஈரப் பளபளப்போடு ஒன்று வரும். விரலை நுழைத்தால் வழுக்கிப் பிரியும், இழுத்தால் லேசில் அறாது. கறிக்கடையில் ஜவ்வு என்பார்கள். அதுதான் ஃபேசியா. கொலாஜன் இழைகளால் ஆனது. அடுக்குகளுக்கு இடையே உள்ள ஹயலுரோனான் என்ற பொருள்தான் வழுக்கலைத் தருகிறது.

அப்படியானால் சவ்வு என்றே சொல்லலாமே? செல்சவ்வு என்று பள்ளிப் பாடத்திலேயே அது வேறொன்றுக்குப் போய்விட்டது. ‘இணைப்புத்திசு’ மிக அகலம். எலும்பும் இரத்தமும்கூட அதில் அடங்கும். ‘திசுப்படலம்’ புழக்கத்தில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் தொடையின் வெளிப்பக்கத்தில் இருப்பது வார்போல் தடித்தது. அதைப் படலம் என்று சொல்ல மனம் வரவில்லை. தசையைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘தசையுறை’ பொருந்தும்.

‘ரிலீஸ்’ என்பதை ‘விடுவிப்பு’ என்று எழுதுகிறார்கள். கைதியை விடுவிக்கலாம், தசையை இளக்கத்தான் முடியும். ‘தசையுறை இளக்கல்’ என்பதே சரி. ‘நீவல்’ என்பதும் ஒட்டாது. நீவுவதற்கு எண்ணெய் வேண்டும், கை ஓட வேண்டும். இங்கே எண்ணெய் தடவினால் கை தோல்மேல் வழுக்கிப் போய், உறையில் பிடிமானமே கிடைக்காது.

தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளிச் சால்வையின் தோள்முனையை இழுத்தால் முதுகில் மடிப்பு விழும். கீழ்முதுகின் உறையும் அப்படித்தான்: மேலே கைக்குப் போகும் அகன்ற முதுகுத் தசையையும் கீழே பிட்டத் தசையையும் அது சேர்த்துப் பிணைக்கிறது. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து, குனிந்தபடி கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டுபவருக்குக் கைவேலையின் இழுப்பு இடுப்பில் வந்து பிடிப்பது அதனால்தான்.

அந்த இடுப்பை இளக்க, முதலில் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். மார்கழிக் குளிரில் இதைத் தவறவிடக் கூடாது. பிறகு குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்புக்கு இரண்டு விரற்கடை விலகி, மடக்கிய விரல்முட்டிகளைச் சாய்வாக வைத்து மெல்ல அழுத்த வேண்டும். தடுப்பு தட்டும் இடத்தில் நிறுத்தி, 90 முதல் 120 வினாடி அப்படியே காத்திருக்க வேண்டும். அடியில் இளகுவது கைக்குத் தெரிந்த பிறகே அடுத்த இடம். பலத்தைக் காட்டி அழுத்தினால் உடம்பு தன்னைக் காக்க இறுகிக்கொள்ளும். மறுநாள் கன்றிப்போய் நிற்கும்.

உடம்பு நிற்கும் அமைவைச் சீராக்க இந்த உறையில் 10 அமர்வாக வேலைசெய்யும் முறையை வகுத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஐடா ரால்ஃப் (1896–1979). அதனால் அதற்கு ரால்ஃபிங் என்று பெயர். கையின் அழுத்தம் உறையையே நீட்டிவிடுகிறது என்பதுதான் பழைய விளக்கம். ஆனால் தொடை, உள்ளங்கால் உறைகளை 1 சதவீதம் அமுக்கவே மனிதக் கைக்கு மீறிய விசை வேண்டும் என்று 2008இல் வந்த ஒரு கணித ஆய்வு காட்டியது. நரம்பு வழியாகத் தசையின் இறுக்கம் தணிவதே காரணமாக இருக்கலாம் என்பதே எங்களுக்கு ஏற்புடையது. ‘இளக்கல்’ என்ற சொல்லை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘போஸ்ச்சர்’ என்பதை ‘உடல்நிலை’ என்று எழுதாதீர்கள். அது நலத்தைக் குறிக்கும். ‘நிற்கும் அமைவு’, ‘உட்காரும் அமைவு’ போதும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், எலும்பு அடர்த்தி குறைந்தவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பவர் ஆகியோர்மேல் கை வைக்கக் கூடாது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அது உறைப் பிடிப்பு அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.